சாவு வீட்டு வாசலில்

“முறுக்குங்கடா! அவனுங்க வாயைத் திறந்தா ஒரு வார்த்தைகூட உள்ள கேக்கக்கூடாது!”

வாலண்டைன் போட்ட சத்தத்தில் மாசாய் ஊரின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்கள் ஒரே மூச்சில் உறுமின. ஓட்டியவர்கள் எல்லாம் பாசிர் கூடாங் ஆலைகளில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூக்கத்தை விட்டு வந்தவர்கள். அந்த வீட்டில் செத்துக் கிடந்த மரியநாதன் அவர்களுக்கு அவ்வளவு வேண்டியவர்.

எதிர்ப்பக்கம் ‘இறுதி எச்சரிக்கை சபை’ என்ற பெயரில் ஒரு கும்பல். வெள்ளைச் சட்டை, கறுப்பு மாஸ்க், கையில் அட்டைகள். ‘சிலைக்கு முன் மோர் ஊற்றியவனுக்கு நரகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பிடித்திருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் பிடிக்கிற அட்டையா அது!

மனுஷன் செய்த பாவம் இவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், தைப்பூசத்தன்று மட்டும் காவடி வரும் பாதையில் பந்தல் போட்டு மோர் ஊற்றுவார். “தாகத்துக்கு என்னடா சாமி?” என்று சிரிப்பார். அந்த மோரைக் குடித்தவர்கள்தான் இன்று வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

“நேத்து சாயந்தரம் ஜெப நேரத்துல வந்தானுங்களே, அப்பவே போலீஸ் பாலாய்ல ஒரு ரிப்போர்ட் போட்டிருந்தா போலீஸ் வந்து அள்ளிட்டுப் போயிருக்கும்,” என்றான் பக்கத்தில் நின்ற காளியப்பன்.

“ரீத்தா ஆண்ட்டி எங்க விட்டாங்க? பேசிட்டுப் போகட்டும், யாரும் அவங்க மேல கை வெக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிடாத குறையா சொல்லிட்டாங்க. இவ்வளவு நல்லவங்களா இருந்தா தலைமேல ஏறி மிதிக்கத்தான் செய்வானுங்க!”

வாலண்டைனுக்கு அந்த அம்மாள் மேலும் கோபம்தான். புருஷனைப் பறிகொடுத்தவர், வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவனுக்கும் மனசு ஆறியிருக்கும். தெருவைப் பார்த்த ஜன்னலைச் சாத்தக்கூட அவர் விடவில்லை. அந்த அசிங்கம் எதுவும் அவர் காதில் விழாமல் அங்கிளைக் கௌரவமாக அனுப்பி வைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வண்டிகள் கொஞ்சம் மூச்சு வாங்கியதும் கும்பலின் தலைவன் ஒலிபெருக்கியைத் தூக்கினான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“மனந்திரும்பாம செத்தவனுக்காக அழாதீங்க! அழறதும் பாவம்!”

வாலண்டைன் நேரே அவன் முன்னால் போய் நின்றான்.

“டேய், இது சாவு வீடுடா! உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

“இது பொது ரோடு. உண்மையைச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு.”

“உரிமையா? சரி லா. கத்தறது உன் உரிமை. மோட்டார முறுக்கறது என் உரிமை. எவன் தொண்டை முதல்ல கிழியுதுன்னு பாத்துரலாம்!”

பின்னாலிருந்து விசில் பறந்தது. வாலண்டைனுக்கு வெறி ஏறிவிட்டது.

“பிள்ளை இல்லாத வீடு, கேக்க நாதியில்லன்னுதானே வந்தீங்க? நாங்க இருக்கோம்டா! பெட்டியத் தூக்கறதும் நாங்கதான், மண்ணு போடறதும் நாங்கதான்!”

அந்தத் தலைவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒலிபெருக்கி மெல்லக் கீழே இறங்கியது. பயந்துவிட்டான் பயல் என்று வாலண்டைனுக்கு ஒரே குஷி.

“பாத்தீங்களாடா? இன்னும் முறுக்குங்க!”

மறுபடியும் தெரு அதிர்ந்தது. புகை வீட்டுக்குள் போனது. கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே ஃபாதர் சொன்ன ஜெபமும் யாருக்கும் கேட்கவில்லை. பத்து பாகாட் ஊரிலிருந்து வர வேண்டிய சொந்தங்கள் நேரே தேவாலயத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால், வீட்டில் இருந்ததெல்லாம் இந்தத் தாமான் குடியிருப்புக்காரர்கள்தான். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தத் தம்பதி இங்கே குடிவந்தபோது இவர்கள்தான் சாமான் இறக்கினார்கள். பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டால் நோகும் என்று விட்டுவிட்டார்கள்.

வாசலில் ரீத்தா வந்து நின்றார். இரண்டு பெண்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். உதறிவிட்டுத் தெருவுக்கே வந்தார்.

“நிறுத்துப்பா வாலண்டைன். எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு.”

“நிறுத்தினா அவன் பேசறது உங்க காதுல விழும் ஆண்ட்டி! அந்த அசிங்கத்த நீங்க ஏன் கேக்கணும்?”

“விழட்டும். எனக்குக் கேக்கணும்.”

“இன்னும் எவ்வளவுதான் பொறுத்துப் போவீங்க? நாங்க பொறுக்க மாட்டோம்!”

“நிறுத்துன்னு சொன்னேன்!”

அந்த அம்மாளிடம் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. ஒவ்வொரு வண்டியாக அடங்கியது. வாலண்டைன் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டான். போய்ச் செருப்பால் அடிக்கட்டும், அப்போதுதான் மனசு ஆறும் என்று நினைத்தான்.

ரீத்தா அந்தத் தலைவனுக்கு எதிரே போய் நின்றார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“பேசி முடிச்சிட்டியாடா கால்வின்? முடிச்சிட்டேன்னா உள்ள வா. உங்கப்பா பெட்டியை மூடப் போறாங்க.”