நிதானமாக யோசிக்கும் மாடல்

"டிக்கெட் போட்டாச்சா, இல்லையா?"

லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கணவனிடம் கேட்டாள் அவள். டிக்கெட் மாமியாருக்கு. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெரிய மகன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கணவன்தான் இன்னும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் போடறேன். முதல்ல இந்த வேலையை முடி."

இருவருக்கும் ஒரே கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. என்ன வேண்டும் என்று தமிழில் கட்டளை கொடுத்தால் தானே புரோகிராமைத் திருத்திக் கொடுக்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு வேலைக்கும் எடுத்துப் பயன்படுத்தும் சின்னச் சின்னக் கருவிகளை, அதாவது டூல்களை, எழுதுவது அவள், சரிபார்ப்பது அவன். டூலுக்குள் என்ன இருக்கிறது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. பக்கத்தில் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்யும்.

அந்த விளக்கங்களை நேற்றே டூலுக்கு ஒரு வரி என்று எழுதித் தள்ளியிருந்தாள். மனம் அதில் இல்லை. மாமியாரிடம் எதைச் சொன்னாலும் ஒன்றுகிடக்க ஒன்று செய்து வைக்கிறார். "டேபிளைக் கொஞ்சம் காலி பண்ணி வைங்க அத்தை" என்றால், அவள் பாடுபட்டுக் குறித்து வைத்த தாள்களையும் சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். காலையில் அது வாய்ச்சண்டையாகி, அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கணவன் சோதனை ஏஜென்ட்டை இணைத்துக் கொடுத்தான். அவள் தட்டினாள்: 'தள்ளுபடிக் கணக்கு எந்த ஃபைலுக்குள் இருக்கிறது?'

ஏஜென்ட் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஃபைல் பெயர்களில் மட்டும் தேடுகிற டூலைப் போய் எடுத்தது.

"சுத்த மண்டுவா இருக்கே. ஏன் இவ்வளவு மெதுவா வேலை செய்யுது?"

"புது மாடல். நிதானமா யோசிக்கும். ஏன் அதை எடுத்தேன்னு கேட்டுப் பாரு."

கேட்டாள். பதில் வந்தது: 'இரண்டு டூலிலும் தேடித் தரும் என்றுதான் போட்டிருக்கிறது. எதில் தேடும் என்று சொல்லவில்லை. முதலில் இருந்ததை எடுத்தேன்.'

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்று பெயரில் மட்டும் தேடும், மற்றது ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தில் தேடும் என்று பிரித்து எழுதி, மறுபடி கேட்டாள். இந்த முறை சரியானதை எடுத்தது.

அடுத்தது இன்னும் மோசம். காலி வரிகளை நீக்கி ஃபைலை ஒழுங்காக்கு என்றாள். அது 'சுத்தம் செய்' என்ற டூலை எடுத்தது. நிஜத்தில் அந்த டூல், சேமிக்காத மாற்றங்களை எல்லாம் அடியோடு தூக்கி எறிந்துவிடும். நல்லவேளை, இது வெறும் சோதனை. காரணம் கேட்டால், 'சுத்தம் செய்யும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்' என்றது.

கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. கைவிரல்கள் பரபரத்தன. உட்கார்ந்து எழுதினாள்: 'சேமிக்காத மாற்றங்கள் அத்தனையும் போய்விடும், திரும்பக் கிடைக்காது. காலி வரிகளை நீக்க இதை எடுக்காதே, அதற்கு ஒழுங்குபடுத்து என்ற டூல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் செய்வதற்கு முன்னால் கேள்.'

பிறகு வேண்டுமென்றே மொட்டையாக ஒரு வேலை கொடுத்தாள்: 'பழசையெல்லாம் எடுத்துவிடு.'

ஏஜென்ட் எதையும் எடுக்கவில்லை. 'எது பழசு? இன்னும் சேமிக்காததும் அதில் சேர்த்தியா? தெரியாமல் கை வைக்க மாட்டேன்' என்றது.

அவளுக்குப் புல்லரித்துப்போனது. சாப்பாட்டு நேரம் தாண்டியது தெரியவில்லை. ஒவ்வொரு டூலாகப் பிரித்து, எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது, முடிந்ததும் என்ன கிடைக்கும் என்று எழுதி எழுதி அனுப்பினாள். அது ஒன்றையும் தவறவிடவில்லை. கடைசி டூலும் சரியாக வந்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இதுக்கு மேல என்னங்க வேணும்? சொன்னதைச் சொன்னபடி செய்யுது. புரியலைன்னா வாயைத் திறந்து கேக்குது. இந்த வீட்டுல ஒருத்தர் இப்படி இருந்தா நான் ஏன் டிக்கெட் கேக்கப்போறேன்?"

கணவன் தன் லேப்டாப்பை மூடினான். நிஜ ஏஜென்ட் நாளைக்குத்தான் கைக்கு வரும் என்றான். அதுவரைக்கும் விஷயமே தெரியாத ஒரு ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்துச் சோதிப்பது தங்கள் பிரிவில் வழக்கம்தான் என்றும் சொல்லிவிட்டு, எழுந்து போய்ச் சாத்தியிருந்த அறைக்கதவைத் தள்ளினான்.

கட்டிலில் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் தலையணை, தலையணை மேல் கணவனின் பழைய லேப்டாப்.

"இன்னும் ரெண்டு இருந்தா அனுப்பும்மா," என்றார் நிமிர்ந்து பார்த்து. "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து, இன்னிக்குத்தான் நீ சொல்றது எனக்குப் புரியுது."