நாலாவது நோட்டீஸ்

"நான் சண்டக்காரியா? நல்லாருக்கு மெல்வின் அண்ணே. நோட்டீஸ கிழிச்சது அவங்க, மன்னிப்பு நான் கேக்கணுமா?... என்னது, கடைக்குள்ள போயி கத்துனேனா? யாரோ பொய் சொல்லியிருக்காங்க. வாசல்ல நின்னு தான் கத்துனேன்... சங்கத்துக்குத் தலைவரா நீங்களே இருங்க, வேணாங்கல. ஆனா பிரஷர் மெஷின் என் கையில தான் இருக்கு. வைக்கிறேன்."

ஷாமிளா போன பையில திணிச்சா. பள்ளிக்கூடத்துல ஏ.எல் பயோ படிக்கிற புள்ள. வாய் கொஞ்சம் நீளம். அவ அப்பா இந்திரகுமார் கிட்ட கேட்டா, அந்தக் 'கொஞ்சம்'ங்கிறத எடுத்துருவாரு.

கோவத்துக்குக் காரணம் இல்லாம இல்ல. ஜனவரியில தோட்டத்து வாலிபர் சங்கம் ரத்னபுரிக்குப் போயி ஒரு மெஷின் வாங்கி வந்து, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல வச்சு எல்லாருக்கும் பிரஷர் பாத்துச்சு. ரப்பர் பால் வெட்டுற ஆளுகள்ல முப்பத்தொரு பேருக்குக் கூடுதல். அதுல அவ அப்பாவும் ஒருத்தர். மாத்திர குடிச்சும் நூத்தி எழுபத்திரெண்டு. பெரியப்பா வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் படுத்தது அவ கண்ணுக்குள்ளயே நிக்கிது.

அன்னைக்கே நோட்டீஸ் எழுதுனா. 'உப்பைக் குறைப்போம், உயிரைக் காப்போம்.' லயத்துக்கு லயம், வீட்டு வரிசை பூரா ஒட்டுனா. எல்லாம் அப்படியே இருக்கு. விஜயகலாக்காவோட ரொட்டிக் கடையில மட்டும் தங்கல. மூணு தடவ ஒட்டி, மூணு தடவையும் காணோம். நாலாவது நோட்டீஸ் நேத்து வடத் தட்டுக்கு அடியில எண்ண குடிச்சுக்கிட்டு கெடந்துச்சு.

அதுக்குத் தான் இந்தச் சண்ட.

இன்னைக்கு ஞாயித்துக்கிழம. களத்துல மறுபடியும் மெஷின். மொத ஆளா வந்த அந்தனி உக்கார முடியாம நெளிஞ்சாரு.

"என்னண்ணே ஆச்சு?"

"மூணு போத்தல் தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கேன் புள்ள. ரப்பர் பாலுல தண்ணி கலந்தா ஸ்டோர்ல அளந்து பாக்குற மீட்டர் எறங்குதில்ல, அது மாதிரி இதுவும் எறங்கும்னு பாத்தேன்."

"ஸ்டோர்ல புடிபட்ட மாதிரி இங்கயும் புடிபட்டீங்க. போயிட்டு வந்து உக்காருங்க."

சிரிப்பு அடங்க நேரமாச்சு. ஆனா அந்தனி போயிட்டு வந்து உக்காந்த பொறகும் நம்பர் எறங்கித்தான் இருந்துச்சு. அவருக்குப் பின்னால வந்தவங்களுக்கும் அப்படித்தான். அப்பாவுக்கு நூத்தி நாப்பத்தாறு.

"மாத்திர மாத்துனாங்களாப்பா?"

"அதே மாத்திர தான்மா. அப்பவும் ஒழுங்கா குடிச்சேன், இப்பவும் குடிக்கிறேன்."

முப்பத்தொண்ணு பதினாலாயிருச்சு. ஷாமிளா ஆளுகள உக்கார வச்ச கதிரையில ஏறி நின்னா.

"பாத்தீங்களா, ஒரு நோட்டீஸ் என்ன வேல செஞ்சிருக்குன்னு."

"எந்த நோட்டீஸ்?"னு கேட்டாரு அப்பா.

அவ காதுல விழாத மாதிரி கடைப் பக்கம் திரும்புனா. கட களத்து ஓரத்துல தான். காலையிலயும் பகல்லயும் பால் வெட்டுற ஆளுகளுக்கு அங்க தான் ரொட்டி. விஜயகலாக்கா கை நெறைய மாவோட வேடிக்க பாத்துக்கிட்டு நின்னாங்க.

"அக்கா, எங்கப்பா ரெண்டு வேளையும் உங்க கையால தான் திங்கிறாரு. நோட்டீஸ ஏன் கிழிச்சீங்க? இத்தன பேரு முன்னால சொல்லுங்க."

"விடு புள்ள. அடுப்புல ரொட்டி கெடக்கு."

"உப்பு கொறஞ்சா யாவாரம் கொறஞ்சிரும்னு பயமா?"

விஜயகலாக்கா கைய சீலத் தலப்புல தொடச்சுக்கிட்டு களத்துக்கே வந்துட்டாங்க.

"ஜனவரியில அந்த முப்பத்தொரு பேரையும் நீ வாசிச்சியே. நீ வாசிக்க வாசிக்க எனக்குத் தான் வேர்த்துச்சு. முக்காவாசிப் பேரு என் ரொட்டி திங்கிறவங்க. மாவுக்கும் தொட்டுக்கிற தேங்காச் சம்பலுக்கும் சேத்து ஏழு கரண்டி உப்பு போட்டுக்கிட்டிருந்தேன். மாசத்துக்கு ஒரு கரண்டியா எடுத்தேன். இப்ப நாலு தான். உப்புக்குப் பதிலா புளிப்புக்கு தேசிக்காயக் கூடப் புழிஞ்சு விட்டேன், எவருக்கும் தெரியல."

அந்தனி வெத்தல மெல்ல மறந்துட்டாரு.

ஷாமிளாவுக்கும் குரல் எறங்கிருச்சு. "அப்ப... நோட்டீஸ் இருந்தா என்னக்கா?"

"கடையில அத ஒட்டுனா, தின்னு பாக்காமலே உப்பு பத்தலம்பாங்க. வீட்டுலருந்து தாள்ல மடிச்சுக்கிட்டு வந்து தூவிக்குவாங்க. சொல்லாம கொறச்சதுனால தான் தின்னாங்க. மூணு மாசத்துல ஒரே ஒரு ஆளு தான் கண்டுபுடிச்சுச்சு. போன வாரம் சங்கத்து வட்ஸ்அப் குரூப்புல பேசியிருந்துச்சு."

போன எடுத்து அமுக்குனாங்க. நல்லாத் தெரிஞ்ச குரல், களம் பூரா கேட்டுச்சு.

"விஜயகலாக்கா கட சம்பல் ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி சப்புன்னு இருக்கு. தோட்டத்துல உப்புக்குப் பஞ்சமா? யாராச்சும் கேளுங்க."

ஷாமிளா தன் குரலக் கேட்டுக்கிட்டே கதிரைய விட்டு மெதுவா எறங்குனா. அந்தனி மெஷின் பட்டிய எடுத்து அவகிட்ட நீட்டுனாரு.

"உனக்கும் ஒருக்கா பாத்துருவமா புள்ள?"

"இருங்கண்ணே"ன்னாங்க விஜயகலாக்கா. "இத்தன பேரு முன்னால என்னையக் கேட்டா, சொல்லிட்டேன். இப்ப நான் கேக்குறேன், அவளும் இத்தன பேரு முன்னாலயே சொல்லட்டும். சொல்லு ஷாமிளா, நாளைக்கு எத்தன கரண்டி போட?"