ஆடாத எலுமிச்சம்பழம்

ஒரு பள்ளிக்கூடத்து மேசை டிராயருக்குள் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு ஸ்பூனும் கிடந்தன. மறுநாள் விளையாட்டு விழா. ஸ்பூனைப் பல்லால் கடித்து, அதில் பழத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். கீழே விழுகிற பழத்தை ஜூஸ் பிழிந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து பழத்துக்கு ஒரே உதறல்.

“பயப்படாதே தம்பி,” என்றது ஸ்பூன். “விளையாட்டுப் பயிற்சிப் புத்தகத்துக்குள்ளே பக்க அடையாளத்துக்கு மூணு நாள் கிடந்தவன் நான். மூச்சை அடக்கு. ஆடாதே.”

“எனக்கு மூச்சே கிடையாதே, வாத்தியாரே.”

“அப்போ பாதிப் பயிற்சி முடிஞ்சது.”

“அதையும் மீறி விழுந்துட்டா?”

“அது அடுத்த பக்கத்துல இருக்கும். நான் கிடந்த பக்கத்துல இல்லை.”

அன்றைக்கெல்லாம் பழம் ஆடாமல் உட்கார்ந்து பழகியது. எறும்பு ஏறிக் கூச்சம் காட்டியும் அசையவில்லை.

மறுநாள் மாரிச்செல்வி என்கிற பிள்ளை ஸ்பூனைக் கடித்துக்கொண்டு ஓடினாள். மற்ற பழங்களெல்லாம் மண்ணில் உருண்டன. இது மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தபடியே கோட்டைத் தாண்டியது.

“பிழைச்சேன், வாத்தியாரே.”

ஓடி வந்த பிள்ளைக்குத் தாகம். விழுந்த பழமெல்லாம் ஒரே மண். சுத்தமாக இருந்தது இது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் பழம் டம்ளருக்குள் சாறாக நின்றது. சர்க்கரையோடு ஸ்பூனும் உள்ளே இறங்கிச் சுற்ற ஆரம்பித்தது.

“ஆடக் கூடாதுன்னு சொன்னீங்களே, வாத்தியாரே?”

“அது நான் கிடந்த பக்கம். இதுதான் அந்த அடுத்த பக்கம் போலிருக்கு. நல்லாச் சுத்து.”