பதினேழாவது படி

"கட்டினவங்களுக்கும் டிக்கெட்டா?" என்றார் கொத்தனார்.

"இன்னைக்கு சுத்திப் பார்க்கத்தானே வந்திருக்கீங்க. எடுத்துத்தான் ஆகணும்" என்று சிரித்த காவலாளி, அவர் மனைவியைப் பார்த்தான். "என்னக்கா, மறுபடியும் ஆபீஸுக்கா?"

"இல்லப்பா. நடக்க" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடி.

தம்பிக்காகக் கெஞ்ச எத்தனை தடவை இங்கே வந்தாளோ!

மலையைச் சுற்றி ஏறி, மறுபக்கம் அருவியோரமாக இறங்கி, புறப்பட்ட ஆபீஸ் வாசலுக்கே வந்து சேரும் பாதை அது. அதன் கல்படிகள் அத்தனையும் அவர் வைத்தவை. படிக்கல்லுக்கு அடியில் கொடுத்து இறுக்கும் சில்லுக்கல்லைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்தவள் அவள். சுற்றுலா வருகிறவர்களை இங்கே கூட்டிப்போகும் வேலை அவள் தம்பிக்கு.

நாலு மாதத்துக்கு முன் அவனும், கூட வந்த ஓர் அம்மாவும் அருவி இறக்கத்தில் உருண்டார்கள். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. "பதினேழாவது படி ஆடுச்சு" என்றான் தம்பி. மறுநாள் ஆபீஸ்காரர்கள் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. குடித்திருந்தான் என்று எழுதி, அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். இன்று பகல் பன்னிரண்டுக்குக் கடைசி விசாரணை.

"நாம முன்னாடியே ஆபீஸ் வாசல்ல போய் உட்கார்ந்திருக்கலாமே?"

"முழுசா ஒரு சுத்து வரணும். அதுக்கப்புறம்தான் எனக்குத் தம்பி முகத்துல முழிக்கத் தைரியம் வரும்" என்றாள்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கீழே ஏரி வெயிலில் மின்னியது. வந்தவர்களெல்லாம் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் படிகளை மட்டும் பார்த்து நடந்தார்கள்.

"சாராய வாடை அடிச்சுதுன்னு எவனோ சாட்சி சொன்னானாமே. பேரைக் கேட்டா ஆபீஸ்ல வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க" என்றார் கொத்தனார். "அவன் நாக்கு அழுகணும்."

"ஏங்க, சாபம் விடாதீங்க."

இப்பவும் இவளுக்கு இரக்கம்தான். அது அவரை இன்னும் குத்தியது.

அருவி இறக்கம் வந்தது. பதினேழாவது படியில் அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றார். அந்தக் கல்லில் கால் வைக்க அவருக்குக் கூசியது.

"உட்காருங்களேன். நீங்க வச்ச கல்லுதானே."

"இதுக்கு அடியில அன்னைக்கு சில்லு இல்ல" என்றார். சொன்னது தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "மழை வர்ற மாதிரி இருந்துச்சு. உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஒரு படிதானேன்னு மண்ணை அள்ளிப் போட்டு மூடிட்டேன். தம்பி விழுந்த மறுநாள், ஊர் முழிக்கிறதுக்கு முன்னாடி வந்து, கல்லை நெம்பிச் சில்லு வச்சு இறுக்கிட்டேன். அவங்க குதிச்சப்போ நானும் கூட்டத்தோட நின்னு வேடிக்கை பார்த்தேன்."

அவள் கையால் கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அடிக்கணும்னா அடிச்சிடு. இப்படி உட்காராத."

"அவன் ஒரு சொட்டு தொட்டதில்லைங்க" என்றாள். "ஒரு தடவை இருமல் மருந்து குடிச்சதுக்கே தலை சுத்துதுன்னு படுத்துக்கிட்டவன்."

கொத்தனாருக்குக் கண் கலங்கியது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"எந்திரி. பன்னிரண்டு ஆகப்போகுது. ஆபீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடறேன். இனி எவனும் என்னைக் கல்லு வைக்கக் கூப்பிடலைன்னாலும் பரவாயில்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது தப்பு. ஆனா வாயைத் திறந்து பொய் சொன்னவன் ஒருத்தன் இருக்கான்ல, அவனை மட்டும் விடவே மாட்டேன்!"

அவள் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு விடியக்காலைல கடப்பாரையும் சில்லுக்கூடையுமா நீங்க மலையேறினதைப் பார்த்தேன்" என்றாள், கல்லைப் பார்த்தபடியே. "ஆபீஸ் திறந்ததும் நேரா போய், என் தம்பி குடிச்சிருந்தான்னு நான்தாங்க சொன்னேன்."