நெற்றியில் ரெண்டு கோடு

குளத்தங்கரைத் தேள்தான் அந்தப் பக்கத்துக்கு வைத்தியர். கழுத்துச் சதை இறுகி, தலை ஒருபக்கமாகத் திருகிப்போன கொக்குக்கு அது கழுத்தில் அளவாக ஒரு கொட்டு வைத்தது. நாலு நாளில் இறுக்கம் விட்டது. கொக்கு நேராகப் பார்த்து மீன் பிடித்தது.

அதைக் கண்ட குரங்கம்மா ஓடி வந்தாள். "வைத்தியரே, என் புருவத்து நடுவுல இருக்கிற இந்த ரெண்டு கோட்டையும் எடுத்துவிடுங்க."

"அது வலிக்குதா தாயி?"

"வலிக்கலை. கிழடாக் காட்டுதே!"

தேள் கொட்டியது. நாலு நாளில் நெற்றி வாழை இலை மாதிரி வழவழவென்று ஆனது. தண்ணீரில் முகம் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை தீரவில்லை.

அந்த நேரம் அவள் குட்டி, கரையில் தூங்கும் முதலையின் வாலை இழுக்கப் போனது. கத்தினால் முதலை விழித்துவிடும். குரங்கம்மா எப்போதும்போல் புருவத்தை நெரித்தாள். நெற்றி அசையவில்லை. குட்டி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு அடி முன்னால் போனது. குரங்கம்மா ஒரே தாவலில் அதைப் பிடித்து மரத்துக்கு இழுத்து வந்தாள்.

"முறைச்சேனே, பார்க்கலையா?"

"பார்த்தேனே. நீ சும்மாதானேம்மா இருந்தே!"

மூன்று மாதத்தில் கொட்டின் வேகம் தீர்ந்தது. குரங்கம்மாவின் நெற்றியில் அந்த ரெண்டு கோடும் திரும்பி வந்தது. கொக்கு மறுபடி திருகிய கழுத்தோடு வந்து நின்றது. அதற்குக் கொட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரங்கம்மாவைப் பார்த்துத் தேள் வாலைத் தூக்கியது.

"உனக்கும் போட்டுவிடவா தாயி?"

குரங்கம்மா மேலே பார்த்துப் புருவத்தை நெரித்தாள். மரத்து மேலே தேன்கூட்டில் கை வைக்கப்போன குட்டி, கையை எடுத்துக்கொண்டு மளமளவென்று இறங்கி வந்தது.