ராஜா வேஷம்

ராமாமணி டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாடகப் போட்டியில் அடுத்தது அவருடைய பள்ளி. ராஜாவாக நடிக்க வேண்டிய அருள்குமாரோ, கோபிசெட்டிபாளையத்திலிருந்து வேனில் வந்த வழியெல்லாம் வாந்தியெடுத்து, மேடைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான்.

பீளமேட்டுக் கல்லூரி அரங்கில் நிற்கக்கூட இடமில்லை.

"டீச்சர், நான் செஞ்சுபோடட்டுங்களா? ராஜா வசனம் பூராவும் எனக்குத் தெரியுமுங்க."

சொன்னவள் எட்டாம் வகுப்பு மெர்சி. ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனியிலிருந்து படிக்க வருபவள்; கும்பலில் ஒருத்தியாக நிற்க வந்தவள்.

பி.டி. மாஸ்டர் வரதராஜுலு டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், காலனிப் புள்ளைக்கு ராஜா வேஷமா? மொகத்துல ஒரு களை வேண்டாமுங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"நம்ம நாடகம் என்னன்னு மறந்துபோட்டீங்களா சார்? ஊர்ல பஞ்சம். ஜனங்க கேள்வி கேட்கக் கூடாதுன்னு ராஜா என்ன பண்றான்? மலைச்சனங்க எல்லாரும் திருடனுங்க, மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்னு தண்டோரா போட்டு, அவங்களை அடிச்சுத் தொரத்தறான். இதை எழுதுனதே நானுங்க. நானே மூஞ்சி பார்த்து வேஷம் குடுக்கட்டுங்களா?"

மாஸ்டர் கிரீடத்தை எடுத்துவரப் போனார்.

"நீ வா கண்ணு" என்று டீச்சர் மெர்சியை இழுத்து உட்கார வைத்தார். அவசர அவசரமாக மீசை வரைந்தார். பெரிதாக இருந்த கிரீடத்தை ஹேர்பின் குத்தி நிறுத்தினார். திரை விலகியது.

என்ன நடிப்பு! மெர்சி ஓர் அதட்டல் போட்டாள், அரங்கமே அடங்கிப்போனது. மலைச்சனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறியபோது முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

முதல் பரிசு!

"ஜெயிச்சுக் குடுத்துட்டியே கண்ணு" என்று மெர்சியைக் கட்டிக்கொண்டு டீச்சர் அழுதேவிட்டார். மாஸ்டரும் விசிலடித்தார்.

கோப்பையைக் கொடுத்த நடுவர், டீச்சரிடம் மைக்கை நீட்டினார். "அந்த ராஜாவைப் பார்த்து எனக்கே நடுக்கம் வந்துருச்சு. யாரும்மா இந்தப் பொண்ணு?"

டீச்சர் பூரித்துப்போனார். கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த மெர்சியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி பெருமையாகச் சொன்னார்.

"எங்கூர்க் காலனிப் புள்ளைங்க சார். ஆனா பார்த்தா அப்படித் தெரியவே தெரியாதுங்க."