நிருபம் விற்க வந்த லென்ஸ்

முப்பது வருடமாகத் தனக்கு உலகத்தைக் காட்டிய லென்ஸுக்கு நிருபம் சர்க்கேல் சொல்லும் விலை வெறும் இரண்டாயிரம் ரூபாய். கொல்கத்தா படித்துறை டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்குவளைகளின் விளிம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது. வாராவாரம் இங்கே கூடுகிறவர்கள் கையால் திருகி ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்காரர்கள். படத்தையும் வீட்டுக் கதையையும் ஒரே பெஞ்சில் பரப்புவார்கள். "உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு, காகலி. ரெண்டு மாசமா எந்தப் படமும் தெளிவா விழல," என்கிறார், தன்னை 'தா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் குழுத் தோழியிடம். "தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன், நிருபம்தா. எங்க வீட்டுல நேத்து ஹில்சா மீனுக்கே இதைவிடப் பெரிய பேரம் நடந்துச்சு." சிரித்தபடி காகலி லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி, படியில் தூங்கும் நாயை மூன்று முறை எடுக்கிறாள். திரையில் மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. "பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எடுங்க." அவர் வழக்கம்போல் வலது கண்ணை வைத்து, வளையத்தை மெதுவாகத் திருகி, அதே நாயை மூன்று முறை எடுக்கிறார். திரையைப் பார்த்ததும் காகலியின் சிரிப்பு நின்றுபோகிறது. "இடது கண்ணை மூடிட்டு என்னைப் பாருங்க." மூடுகிறார். அவள் தோடு தெரிகிறது, தோளுக்குப் பின்னால் படகு தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகை. "என்ன தெரியுது, நிருபம்தா?" என்று புகைக்குள்ளிருந்து குரல் வருகிறது. பெஞ்சின் விளிம்பை விரல் வெளுக்கப் பிடித்துக்கொள்கிறார். ஒரே லென்ஸ், ஒரே நாய். காகலி எடுத்த மூன்றில் மூன்றும் தெளிவு. அவர் எடுத்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.